வருஷப்பிறப்பன்று விட்ட மீன்கள்

என் மனைவி தன் வலது கையை நம்பாமல் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தாள். அந்தக் கையால் சமைத்தாள், தைத்தாள், முதியோர் இல்லத்தில் இருபது ஆண்டுகள் வேலை செய்தாள். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் முதல் வாய் சோறு ஊட்டமாட்டாள். ஒரு கன்று நடமாட்டாள். யாராவது புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் போகமாட்டாள். "என்ரை கைராசி சரியில்லை" என்று ஒதுங்கிக்கொள்வாள். கேட்டவர்கள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். அது அடக்கம் அல்ல. அந்த எண்ணத்தை அவளுக்குள் வைத்தவன் நான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், டென்மார்க்கின் அகதி முகாமிலிருந்து எங்களைச் சில்க்போர்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. ஒரு வயோதிபரின் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. வீட்டுக்காரர் காகித ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், இடுப்பு வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனவியல் படிப்பித்தவன் என்று அறிந்த நாளிலிருந்து என்னை "ஆசிரியரே" என்றுதான் கூப்பிட்டார். அதில் கொஞ்சம் கேலி இருந்தது. எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது.

முகாமில் இருக்கும்போதே நான் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு வெறியோடு டெனிஷ் படித்திருந்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் வராது. டொக்டர், அரசாங்கக் கந்தோர், கடை, வீட்டுக்காரர் என்று இந்த நாடு அவளுக்குச் சொன்னதெல்லாம் என் வாய் வழியாகத்தான் அவளிடம் போனது. அவள் சொன்னதும் என் வாய் வழியாகத்தான் திரும்பி வந்தது.

தை மாதத்தில், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், பிள்ளை இறந்து பிறந்தது. இதயம் துடிக்கவில்லை என்று டொக்டர் சொன்னதைத் தமிழில் அவளுக்குச் சொன்னதும் நான்தான். அன்று ஒரு சொல்லும் விடாமல் சரியாக மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பின்பக்க யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தபடி இருப்பாள். தோட்டத்தில் பார்க்க எதுவும் இல்லை. பனி, ஒரு பேர்ச் மரம், அதன் கீழே உறைந்துபோன ஒரு சின்னக் குளம். குளம் என்று சொன்னாலும் நம் ஊர்க் குளம் போன்றதல்ல. மூன்று பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்காரரின் மனைவி உயிரோடிருந்தபோது தோண்டுவித்து, கறுப்பு ரப்பர் விரிப்புப் போட்டு, தண்ணீர் நிறைத்து மீன் விட்டிருந்தாராம்.

ஒருநாள் காலை அவள் வாய் திறந்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த முதல் முழு வசனம் அது.

"இஞ்சாருங்கோ, உந்தக் கிழவன் ஐஸுக்கு மேலை என்னத்தைச் சமைக்கிறார்?"

எட்டிப் பார்த்தேன். ஆவி பறக்கும் ஒரு பானையை உறைந்த குளத்தின் நடுவில் வைத்துவிட்டு, கோலை ஊன்றியபடி நின்றார் வீட்டுக்காரர். இறங்கிப் போய்க் கேட்டேன். கீழே பதினொரு மீன்கள் உயிரோடு இருக்கின்றன, கெட்ட வாயு வெளியேற ஒரு துவாரம் வேண்டும், ஐஸைக் கோடரியால் கொத்தினால் அதிர்ச்சியில் மீன் செத்துவிடும், ஆகவே சுடுதண்ணீர்ப் பானையை வைத்து மெல்ல உருக்க வேண்டும் என்றார். மேலே வந்து அவளுக்குச் சொன்னேன்.

"இவ்வளவு குளிருக்குள்ளை உயிரோடையோ?"

"ஓம். அசையாமல் அடியிலை கிடக்குமாம்."

மறுநாள் காலை அவளே பானையைச் சுடவைத்தாள். என் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறையோடு கால் நுழைத்து, பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அன்றிலிருந்து அது அவளுடைய வேலை. மாசி மாதக் குளிர் எலும்பைக் குடைந்தது. ஒரு காலையையும் அவள் தவறவிடவில்லை. வீட்டுக்காரர் சமையலறை யன்னலைத் திறந்து டெனிஷில் ஏதாவது சொல்வார். அவள் "ஓம், ஓம்" என்பாள். சில நாட்களில் அவரும் "ஓம்" சொல்லப் பழகிவிட்டார். கோட்டின் கை வழிய ஐஸ் உருகி ஒழுக, அவள் மேலே வந்து சிரித்தாள்.

"மனுசன் என்னட்டை தமிழ் படிச்சிட்டார். நீங்கள்தான் இன்னும் புத்தகத்தோடை கிடக்கிறியள்."

மார்ச் முடிவில் ஐஸ் கரைந்தது. அவள் படியேறி ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்: "பதினொண்டும் இருக்கு! நான் ரெண்டு தரம் எண்ணிப் பாத்தனான்." பத்துச் சிவப்பு, வெள்ளைத் தலையோடு ஒரு பெரியது. பிள்ளை போன பிறகு அவள் முகத்தில் நான் முழு வெளிச்சத்தைக் கண்டது அன்றுதான். அந்த மீன்கள் என் மனைவியை எனக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தன. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டுக்காரர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று கிழமை ஆகும் என்றார். போகும் நாளில் எங்கள் இருவரையும் குளத்தடிக்குக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பேர்ச் இலை எலியின் காதளவுக்கு விரியும்வரை மீனுக்குச் சாப்பாடு போடக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் அவற்றுக்குச் செமிக்காது. இதை நான் மொழிபெயர்த்தபோது அவள் நிமிர்ந்து மொட்டுகளைப் பார்த்துவிட்டு, "எலிக்காதோ? இந்த ஊரிலை எலியின்ரை காதை ஆர் அளந்தது?" என்றாள். இரண்டாவது, குளத்தை வசந்தத்துக்கு ஆயத்தமாக்க வேண்டும். அதற்கு அவர் சொன்ன சொல் "ரென்ஸ". சொல்லிவிட்டு நீளக் காம்பு வைத்த ஒரு கைவலையை என்னிடம் தந்தார்.

என் புத்தகத்தில் "ரென்ஸ" என்றால் துப்பரவாக்குதல். அது சரிதான். ஆனால் கையில் தந்த வலையையும் நான் பார்த்திருக்க வேண்டும். விழுந்த இலைகளை அள்ளிவிடு என்பதுதான் அவர் சொன்னது. நானோ, ஆண்டுக்கொரு தடவை கிணறு இறைக்கிற ஊரிலிருந்து வந்தவன். நீர்நிலையைத் துப்பரவாக்குவது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: கடைசி வாளி வரை இறைத்து, சேற்றை அள்ளி, அடி தெரியத் தேய்த்து, பிறகு குளோரின் போடுவது. அதைச் செய்தால்தான் மனம் ஆறும்.

சட்டையைக் கழற்றிக்கொண்டு நான் வாளி தேடியபோது அவள் கேட்டாள்.

"முழுக்க இறைக்கப் போறியளோ?"

"பின்னை? அடியிலை எவ்வளவு சேறு கிடக்குது பாரும்."

"பழந்தண்ணியைக் கொஞ்சம் விடுங்கோவன். அதுகள் பழகின தண்ணி."

"அழுக்குத் தண்ணியிலை என்ன பழக்கம்?"

"குளோரின் மட்டும் போட்டிடாதேங்கோ. எங்கடை கிணத்துக்கை மீன் கிடந்தது. சுகாதாரப் பரிசோதகர் குளோரினோடை வந்தா, அப்பா படலையைத் திறக்கமாட்டார்."

"உங்கடை அப்பா கெமிஸ்ட்ரி படிச்சவரோ?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதால், "சரி, சரி, போடேல்லை" என்றேன்.

மீன்களைக் குளத்துத் தண்ணீரோடு ஒரு தகரத் தொட்டியில் விட்டு விறகுக் கொட்டிலுக்குள் வைத்தோம். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் விறகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். நான் இரண்டு நாள் இறைத்தேன். கறுத்த சேறு நாறியது. அதற்குள் நத்தைகளும் பெயர் தெரியாத புழுக்களும் நெளிந்தன. எல்லாவற்றையும் வழித்துக் கொட்டினேன். ரப்பர் விரிப்பைத் தும்புத்தடியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கச் செய்தேன். சமையலறையிலிருந்து குழாயை இழுத்து, தண்ணீரை நிறைத்தேன். அவள் மேலே சமைக்கப் போன நேரத்தில், கொட்டில் அலமாரியில் சலவைச் சாமான்களோடு இருந்த குளோரின் போத்தலை எடுத்து, அரைவாசியை ஊற்றினேன். ஒரு நாள் விட்டால் போதும் என்று எண்ணினேன். ஊரில் அப்படித்தான். ஆனால் கிணற்றுக்கு ஊற்று உண்டு. அது உள்ளிருந்து புதுத் தண்ணீரைத் தந்துகொண்டே இருக்கும். ரப்பர் விரித்த குழிக்கு ஊற்று ஏது? பத்தாம் வகுப்புப் பிள்ளையும் யோசித்திருக்கும்.

நான் அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மறுநாள் சித்திரை வருஷப்பிறப்பு. அவளைச் சந்தோஷப்படுத்த ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் நினைத்தேன்.

காலையில் அவள் தலைக்கு முழுகி, சேலை உடுத்து, அதற்கு மேல் என் கோட்டைப் போட்டிருந்தாள். பச்சையரிசியில் புக்கை பொங்கியிருந்தாள். ஊரென்றால் வருஷப்பிறப்பன்று பெரியவர்கள் கையால் கைவிசேஷமாகக் காசு வாங்குவோம். இங்கே யாரிடம் வாங்குவது? குளத்தடியில் நின்று சொன்னேன்:

"இந்த முறை கைவிசேஷம் மீனுக்குத்தான். உம்மடை கையாலை விடும். நல்ல கைராசி, அதுகள் பெருகும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை போன பிறகு அவளுடைய கையை நல்ல கை என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

வலை வேண்டாம் என்றாள். குளிரில் சிவந்த கைகளைக் கிண்ணம் போலக் குவித்து ஒவ்வொன்றாக அள்ளி விட்டாள். வெள்ளைத் தலைக்காரனைக் கடைசியாக விட்டு, விரல்களைக் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தாள். பிறகு சேலைத் தலைப்பிலிருந்து எதையோ எடுத்துக் குளத்துக்குள் போட்டாள்.

"என்னப்பா போடுறீர்?"

"புக்கை. வருஷப்பிறப்பெல்லோ, அதுகளுக்கும் ஒரு வாய்."

"எலிக்காது இன்னும் விரியேல்லை!"

"ஏழு பருக்கைதானே! கிழவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

இருவரும் சிரித்தோம்.

பின்னேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் அதைப் பசி என்றாள். நான் கிட்டப் போய்க் குனிந்தேன். அந்தக் குளிர்க் காற்றில் தூர நின்றால் மணம் தெரியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் முகம் வைத்தால் தெரிந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதாவது அவற்றைப் பழந்தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றியிருந்தால் சிலவாவது பிழைத்திருக்கலாம். மாற்றினால் ஏனென்று அவள் கேட்பாள். நான் படியேறி வந்து, "புதுத் தண்ணி, பழகீடும்" என்றேன்.

மறுநாள் காலை எனக்கு முன்னால் அவள் போய்விட்டாள். நான் இறங்கிப் போனபோது குளத்தடியில் நின்றாள். பதினொன்றும் பக்கவாட்டில் மிதந்தன. தண்ணீர் கண்ணாடி போல, அடிவரை தெரிந்தது.

"என்னப்பா நடந்தது?" என்றாள். "என்ன நடந்ததப்பா?"

நான் சொன்ன வசனம் இது: "சாப்பாடு போடவேண்டாம் எண்டு அந்த மனுசன் சொன்னவரெல்லே."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏழு பருக்கை…" என்றாள். பிறகு, மிகவும் மெதுவாக, "என்ரை கையிலை ஒண்டும் தங்காதப்பா. பிள்ளையும் தங்கேல்லை" என்றாள்.

அந்த நிமிடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். குளோரின் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், அவளுடைய அப்பா சரி, அவள் சரி, இரசாயனவியல் ஆசிரியன் பிழை. வேண்டாம் என்று அவள் சொன்னதை, போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒளித்துச் செய்த ஆளாகவும் நான் அவள் முன் நிற்கவேண்டும். வெட்கம் என்னைத் தடுத்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. மீன்களைப் பேர்ச் மரத்தடியில் புதைத்தேன்.

மாத முடிவில் வீட்டுக்காரர் இரண்டு ஊன்றுகோல்களோடு திரும்பினார். நேரே குளத்தடிக்குப் போனார். நாங்களும் போனோம். அவர் வாய் திறக்குமுன், மனைவி சாப்பாடு போட்டுவிட்டாள், மீன்கள் இறந்துவிட்டன என்று நான் டெனிஷில் சொன்னேன். அவர் ஊன்றுகோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு ரப்பரைச் சுரண்டினார். ஒரு தூசியும் எழவில்லை. பிறகு கொட்டிலுக்குள் தலையை நீட்டி அலமாரியைப் பார்த்தார்.

"போத்தல் பாதியாகியிருக்கிறது, ஆசிரியரே" என்றார்.

அவை அவருடைய மனைவி வாங்கி விட்ட மீன்கள். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவருடைய கண் என் மனைவியின் மேல் இருந்தது. அவள் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றாள். அவர் மெதுவாக, எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கும்படி சொன்னார். மீன்கள் சோற்றால் சாகவில்லை. சில பருக்கையால் பதினொரு மீன் ஒரே நாளில் சாகாது. பனிக்காலம் முழுவதும் அவற்றை உயிரோடு வைத்திருந்தது அவளுடைய கைதான் என்றார். கடைசியில், "அவளுக்குச் சொல்" என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் அவள்.

"போனது போகட்டுமாம்" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். அத்தனை சொல்லுக்கு இரண்டே சொல்லா என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என்ன செய்வார் பாவம். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை, அவள் கற்றுக்கொடுத்த சொல்லை, நான் சொன்னதற்குச் சாட்சி போல அவளிடம் சொன்னார்.

"ஓம்" என்றார். "ஓம், ஓம்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு மேலே ஓடிவிட்டாள்.

அடுத்த பனிக்காலத்தில் அவர் இறந்துபோனார். அவள் டெனிஷ் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். செய்தி கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன பயன்?

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். முதல் சோற்றைத் தன் கையால் அல்ல, என் கையால்தான் ஊட்டவேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். பிறந்தநாளில் எல்லாத் தாய்மாரும் பிள்ளையின் வாயில் கேக் வைப்பார்கள். இவள் தட்டை என்னிடம் தந்துவிட்டுப் படம் எடுக்கப் போய்விடுவாள். மகள் பன்னிரண்டு வயதில் என்னிடம் டெனிஷில் கேட்டாள், "அம்மாவுக்கு என்னில் கோபமா?" என்று. முதியோர் இல்லத்தில் மட்டும் மனைவி நாள் முழுக்கக் கரண்டியால் ஊட்டிவிட்டு வருவாள். அது எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுகளுக்குத் தொண்ணூறு வயசப்பா. என்ரை கைராசி இனி அதுகளை என்ன செய்யும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு வசந்தத்தில் தொலைக்காட்சியில் யாரோ மீன்குளத்தைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு அப்போது டெனிஷ் என்னைவிட நன்றாக வரும். பழைய தண்ணீரில் பாதியை விடவேண்டும் என்றதும் என் பக்கம் திரும்பினாள். "அப்ப நாங்கள் முழுக்க இறைச்சது பிழையோ?" என்றாள். அவள் குரலில் ஓர் ஆவல் இருந்தது. எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான், "அது வேறை மாதிரிக் குளம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தாள். அதற்குள் நான் சொல்லவேண்டியது மீனைப் பற்றியதாக இல்லை. இத்தனை ஆண்டு சொல்லாமல் இருந்ததைப் பற்றியதாக ஆகிவிட்டிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் அது கனத்தது.

பேத்தி பிறந்தபோது மகள் பிள்ளையைத் துணியோடு நீட்டினாள். மனைவி கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "கொப்பாவிட்டைக் குடு பிள்ளை. அவர் பிடிக்கட்டும்." நான் பிடித்தேன்.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு என் மனைவி போய்விட்டாள். கடைசிக் கிழமைகளில் தெளிவாகத்தான் இருந்தாள். கட்டிலருகே நாங்கள் இருவரும் மட்டும் இருந்த மணித்தியாலங்கள் எத்தனையோ. நான் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் மகளிடம் சொன்னேன். அவளுடைய சமையலறையில், டெனிஷில், இங்கே எழுதிய அதே வரிசையில். முடிந்ததும் அவள் எழுந்து போய் யன்னலடியில் நின்றாள். அங்கிருந்தபடியே, அந்த வீட்டுக்காரர் சொன்னதைத் தமிழில் சொல்லுங்கள் என்றாள். அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய மாதிரியே.

என் தமிழ் எனக்கு வரவில்லை. இரண்டு முறை தொடங்கி நிறுத்தினேன். பிறகு சொன்னேன்:

"இஞ்சேரும். சோத்தாலை சாகேல்லையாம். ஏழு பருக்கையாலை பதினொரு மீன் சாகாதாம். பனிக்காலம் முழுக்க அதுகளை உயிரோடை வைச்சிருந்தது உம்மடை கைதானாம்."

மகள் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டாள். "பருக்கை" என்ற சொல் அவளுக்குத் தெரியாது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

"ஒரு சோறு" என்றேன். "ஒரேயொரு சோறு."